உளுந்து வீட்டுக்கு வரட்டும், ஆபரேஷன் பாத்துக்கிடுவோம்!

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து உக்காந்தே கொஞ்சம் கத்துக்கிட்டவன், மீதியைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன். தப்பு இருந்தா டாக்டர் பதிவர்கள் யாராவது வந்து தலையில குட்டலாம். "உனக்கெதுக்குய்யா இந்த வேலை"ன்னு கேக்குறவங்க மட்டும் கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கேளுங்க.

எங்க ஊர் எப்போதும்வென்றான். தூத்துக்குடி - மதுரை ரோட்டுல பஸ்ல போனவங்க பேர்ப்பலகையைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க. மானாவாரிக் கரிசல். மழை பெஞ்சா உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய். பெய்யலைன்னா தீப்பெட்டி ஆபீஸ். இந்த ஊர்லயும் சுத்துவட்டாரத்துலயும் நாப்பது வயசு தாண்டுன பொம்பளைங்க நிறைய பேர் சேலைக் கொசுவத்துக்குப் பின்னாடி மறைச்சு வச்சிருக்குற ஒரு விஷயத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

தொப்புளுக்கு ஒட்டி ஒரு புடைப்பு. எலுமிச்சம்பழம் அளவுல ஆரம்பிக்கும். இருமுனா, குடம் தூக்குனா வெளிய தள்ளும். மல்லாக்கப் படுத்தா உள்ள போயிரும். கேட்டா "வாயு"ம்பாங்க. "கொழுப்புக் கட்டி"ம்பாங்க. "மூணு புள்ள பெத்த வயிறு பின்ன எப்பிடி இருக்கும்?"னு நம்மளையே திருப்பிக் கேப்பாங்க.

அதுக்குப் பேரு தொப்புள் குடலிறக்கம். ஹெர்னியா. வயித்துத் தசை ரெண்டு பக்கமும் வந்து சேருற நடுக்கோட்டுல, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலயோ கீழயோ, ஒரு ஓட்டை விழுந்திருக்கு. அந்த ஓட்டை வழியா உள்ள இருக்குற கொழுப்புத் திரையோ குடலோ வெளிய எட்டிப் பாக்குது. அடுத்தடுத்த பிரசவம், உடம்பு எடை, விடாத இருமல், ஈரல் கெட்டுப் போய் வயித்துல தேங்குற நீர், இதெல்லாம் அந்த ஓட்டையைப் பெருசாக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தழும்பு வழியாவே தள்ளுச்சுன்னா அதுக்கு டாக்டருங்க வேற பேரு சொல்லுவாங்க, வைத்தியம் கிட்டத்தட்ட இதேதான். இன்னொண்ணு, சில பேருக்கு நடு வயிறு முழுக்க நீளவாக்குல புடைச்சுக்கிட்டு நிக்கும், படுத்து எந்திரிக்கும்போது மட்டும் தெரியும். அது தசை விலகல், ஓட்டை இல்லை. எது எதுன்னு கை வச்சுப் பாக்குற டாக்டர் சொல்லிருவார். சந்தேகம்னா ஒரு ஸ்கேன். நாமளா முடிவு பண்ணக் கூடாது.

குழப்பம் எங்க ஆரம்பிக்குதுன்னா பச்சப்புள்ளைங்க கிட்ட. கைக்குழந்தைக்குத் தொப்புள் தள்ளியிருந்தா, நாலஞ்சு வயசுக்குள்ள பெரும்பாலும் தானா மூடிரும். நம்ம ஆச்சிங்க அதுல ஒரு ரூபாய்க் காசை வச்சுத் துணியால கட்டுனாங்க. ஓட்டை தானா மூடுச்சு. பேரு காசுக்குப் போயிருச்சு :-) அந்தப் பாக்கியாலதான் அம்பது வயசு பொம்பளைக்கும் "இறுக்கிக் கட்டு, சேந்துரும்"னு வைத்தியம் சொல்லுறோம். பெரியவங்களுக்கு அது சேராது. ஒரு காலத்துலயும் சேராது. எண்ணெய் தடவினாலும், பத்தியம் இருந்தாலும், வயித்தைத் தட்டினாலும் ஓட்டை ஓட்டைதான். அந்தக் காசோட இன்னைக்கு அவதாரம்தான் கடையில தொங்குற பெல்ட்டு. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும்போது, இல்லை ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு, வெளிய தள்ளாம கொஞ்சம் புடிச்சு வைக்க டாக்டரே பெல்ட்டு போடச் சொல்லலாம். அதை வைத்தியம்னு விக்கிறது ஏமாத்து வேலை. கரிசல் வெயில்ல, வேர்வையில, பெல்ட்டைக் கட்டிக்கிட்டு மிளகாய்ப் பழம் பறிக்கிற பொம்பளையோட இடுப்பை ஒரு தடவை பாத்தீங்கன்னா விக்கிறவனை அடிக்கத் தோணும்.

பெல்ட்டுக்காரனாவது வெளி ஆளு. வீட்டுக்குள்ள நடக்குறதுக்கு வாங்க.

தமிழ்நாட்டுல பொம்பளைங்களுக்கு ஆபரேஷன்னா பயம், அதான் போக மாட்டேங்குறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. எவ்வளவு பெரிய பொய்! 2019-21ல எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்க. தமிழ்நாட்டுல கல்யாணமான, பிள்ளை பெறுற வயசுப் பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57.8 பேர் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. அதே கணக்குல ஆம்பளைங்க பண்ணிக்கிட்டது 0.1. பிரசவம் ஆன கையோட, பச்சை உடம்போட, தொப்புளுக்குக் கீழ கீறிப் பண்ணிக்கிட்டவங்க எத்தனை பேர்! அதுக்கு யாரும் அவங்களுக்குப் பயமான்னு கேக்கலை. நல்ல நாள் பாக்கலை. மிளகாய்க்குக் களை எடுக்கணும்னு தள்ளிப் போடலை. குடும்பத்துக்குத் தேவைன்னா பொம்பளை வயித்தை மறுநாளே கீறலாம். அதே வயித்துல அவளுக்குன்னு ஒரு கோளாறு வந்தா மட்டும் நாள்காட்டியை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துருவோம்.

அந்த நாள்காட்டி எப்படி ஓடும்னு எங்க ஊர்க்காரனுக்கு மனப்பாடம். புரட்டாசி, ஐப்பசியில கேட்டா "இப்பதானே விதைச்சிருக்கு." கார்த்திகை, மார்கழியில "களையெடுப்புக்கு ஆளு கிடைக்கலை." தையில "உளுந்து வீட்டுக்கு வரட்டும்." மாசி, பங்குனியில மிளகாய்ப் பழம். சித்திரை, வைகாசியில கோயில் கொடை, ஒரு கல்யாணம், ஒரு சடங்கு. ஆனி, ஆடி சும்மாதானே இருக்கு? "ஆடியில ஆஸ்பத்திரியா?" ஆவணியில பேறுகாலத்துக்கு மக வந்துருவா. மறுபடி புரட்டாசி. இப்படியே எங்க பெரியம்மாவுக்கு ஆறு வருஷம் போச்சு. எலுமிச்சை தேங்காயாச்சு. இத்தனைக்கும் பெரியப்பா கெட்டவர் இல்லை. டிராக்டர்ல ஒரு சின்ன சத்தம் வந்தாலே கோவில்பட்டிக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருவார். அவ்வளவு அக்கறையான மனுசன்.

"நீயா எதுவும் கேக்கலையா பெரிம்மா?"ன்னேன். "அவுக சொல்லாம எப்பிடிய்யா போக? அதுவும் இது என்ன பெரிய வலியா, இருந்துட்டுப் போகட்டும்"னாங்க. வலியில்லாதது தான் இதுல பெரிய வில்லங்கமே. பல்வலி மாதிரி வலிச்சிருந்தா மறுநாளே பஸ் ஏறியிருப்பாங்க.

இந்த இடத்துல படிச்ச மச்சினன்மார் வருவாங்க. போன வருஷம் ஒருத்தர் போன்ல எனக்கே பாடம் எடுத்தார். "தொந்தரவு இல்லாத ஹெர்னியாவைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்னு அமெரிக்காவுலயே ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிருக்கான் மாப்ளே, நீ சும்மா கிளப்பி விடாத." அந்த ஆராய்ச்சி நிஜம்தான். 2006ல வெளிவந்தது. 720 பேரைச் சேத்து, பாதிப் பேருக்கு ஆபரேஷன் பண்ணி, மீதிப் பேரைச் சும்மா விட்டுப் பாத்தாங்க. சும்மா விட்டவங்களுக்கு அவசர ஆபத்து வந்தது ரொம்ப ரொம்பக் குறைவு. ஆனா மச்சினன் சொல்லாம விட்டது ரெண்டு. ஒண்ணு, அந்த 720 பேரும் ஆம்பளைங்க, அத்தனையும் தொடை இடுக்குல வந்த ஹெர்னியா. தொப்புள் இல்லை, பொம்பளை இல்லை. ரெண்டு, அதே ஆளுங்களைத் தொடர்ந்து பாத்துட்டு 2013ல எழுதுனாங்க. பத்து வருஷத்துக்குள்ள நூத்துக்கு 68 பேர் கடைசியில ஆபரேஷனுக்குத்தான் வந்து சேருறாங்கன்னு கணக்கு.

நியாயத்துக்கு இன்னொண்ணும் சொல்லிடுறேன். 2020ல ஐரோப்பிய, அமெரிக்க ஹெர்னியா சங்கங்கள் சேந்து தொப்புள் குடலிறக்கத்துக்குன்னே ஒரு வழிகாட்டி போட்டாங்க. தொந்தரவே இல்லாட்டி பொறுத்துப் பாக்கலாம்னு அதுலயும் இருக்கு. நான் அதை மறுக்கலை. ஆனா பொறுத்துப் பாக்குறதுன்னா என்ன? பாக்குறதுக்கு ஒரு டாக்டர் இருக்கணும். எது ஆபத்துன்னு அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு வயிறு இறுகுனா ஒரு மணி நேரத்துல ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கணும். பெரியம்மாவை ஆறு வருஷத்துல ஒரு டாக்டரும் பாக்கலை. பொறுத்தது மட்டும்தான் நடந்துச்சு, பாக்குறது நடக்கலை.

தொப்புள் ஓட்டையோட குணமே அதோட வாய் குறுகல். பை பெருசா இருக்கும், கழுத்து சின்னதா இருக்கும், சுருக்குப் பை மாதிரி. உள்ள போன குடல் வீங்கிருச்சுன்னா திரும்பி வர முடியாது. கழுத்து நெரிபடும். ரத்த ஓட்டம் நிக்கும். சில மணி நேரத்துல குடல் அழுக ஆரம்பிச்சுரும். புடைப்பு கல்லு மாதிரி கெட்டியாகி, படுத்தாலும் உள்ள போகாம, தொட்டா உயிர் போற மாதிரி வலிச்சு, வாந்தியும் வந்து, காத்துப் பிரியாம நின்னுச்சுன்னா அதுதான் அது. தோல் சிவந்து, கறுத்துப் போச்சுன்னா இன்னும் மோசம். அந்த நேரத்துல கசாயம் கிடையாது, அமுக்கி உள்ள தள்ளுற வேலை கிடையாது, "விடியட்டும்" கிடையாது. 108தான். 2008ல அது தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு எங்க பக்கம் எத்தனையோ உயிர் தப்பிச்சிருக்கு, மறுக்கலை. ஆனா வண்டி வந்து, ஏத்தி, கோவில்பட்டி தலைமை ஆஸ்பத்திரிக்கோ தூத்துக்குடி மெடிக்கல் காலேஜுக்கோ போய்ச் சேந்து, ரத்தம் எடுத்து, மயக்க டாக்டர் வந்து... அந்தக் குடலு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. அழுகுனதை வெட்டி இணைக்கிற ஆபரேஷன் வேற, பகல்ல நடந்து போய்ப் படுத்துப் பண்ணிக்கிற ஆபரேஷன் வேற. முதலாவதுல உயிருக்கே ஆபத்து. அப்படித் தப்பிச்சாலும், அழுக்குப் பட்ட வயித்துல வலை வைக்க டாக்டருங்க யோசிப்பாங்க. வலை வைக்காட்டி ஓட்டை திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

வலைன்னேன்ல. அதுக்கு வரேன், ஏன்னா அடுத்த சண்டை ஆஸ்பத்திரிக்காரங்க கூட.

பெரியம்மாவுக்கு ஒருவழியா ஆபரேஷன் நடந்துச்சு. பக்கத்து டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். "சின்ன வேலைம்மா, ரெண்டு தையல்"னு முடிச்சு அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷம். மறுபடி அதே இடத்துல புடைப்பு. போய்க் கேட்டா "வெயிட்டு தூக்கியிருப்பீங்க"ன்னு பழியை அவங்க தலையிலயே போட்டாங்க. வலை வச்சீங்களான்னு கேட்டேன். "சின்ன ஓட்டைக்கு எதுக்கு சார் வலை"ன்னு பதில். டிஸ்சார்ஜ் சீட்டுல ஓட்டை எத்தனை சென்டிமீட்டர்னு ஒரு வரி கூட இல்லை.

வெறும் தையல்ங்கறது புது விஷயம் இல்லை. 1901ல அமெரிக்காவுல வில்லியம் மேயோன்னு ஒரு டாக்டர், ஓட்டையோட மேல் விளிம்பைக் கீழ் விளிம்பு மேல ஏத்தித் தைக்கிற முறையை எழுதுனார். சட்டையை வேட்டிக்கு மேல விடுற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. உலகம் பூரா பல பத்து வருஷம் அதுதான் ஓடுச்சு. கிழிஞ்ச வேட்டியை இழுத்துப் புடிச்சுத் தச்சா என்ன ஆகும்? தையல் பக்கத்துலயே மறுபடி கிழியும். இதுவும் அதேதான். 1958 வாக்குல அஷர்ங்கற அமெரிக்க டாக்டர் பிளாஸ்டிக் இழை வலையைக் கொண்டு வந்தார். வலை வச்சா இழுத்துப் புடிக்கிற வேலை இல்லை. ஓட்டைக்குப் பின்னாடி, தசைக்கும் குடலை மூடுன சவ்வுக்கும் நடுவுல, நாலு பக்கமும் 3 சென்டிமீட்டர் கூடுதலா இருக்குற மாதிரி விரிச்சு வச்சு, மேல மூடிருவாங்க. நாளாக ஆக நம்ம சதையே அந்தக் கண்ணுக்குள்ள வளந்து புடிச்சுக்கும். மண்சுவத்துல வைக்கோல் போட்டுப் பிசையுறதைப் பாத்தவங்களுக்கு இது புரியும்.

இதுல கருத்து வேறுபாடுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. 2001ல ஸ்பெயின்ல 200 பேரைப் பிரிச்சு ஒரு சோதனை. வெறும் தையல் போட்டவங்கள்ல நூத்துக்கு 11 பேருக்குத் திரும்பி வந்துச்சு, வலை வச்சவங்கள்ல 1. சரி, ஒரே ஊர் சோதனைன்னு சொல்லலாம். 2018ல லேன்செட் பத்திரிகையில நெதர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி ஆஸ்பத்திரிகள் சேந்து பண்ணுனது வந்துச்சு. 300 பேர். ஓட்டை 1 முதல் 4 சென்டிமீட்டர் வரைக்கும், அதாவது நம்ம ஆளுங்க "சின்ன ஓட்டை"ன்னு சொல்லுற அதே அளவு. ரெண்டு வருஷத்துல தையலுக்கு 12 சதம், வலைக்கு 4 சதம். புண்ணு பழுத்தவங்க ரெண்டு பக்கமும் விரல் விட்டு எண்ணுற அளவுதான். அதுக்கப்புறம்தான் 2020 வழிகாட்டி, 1 சென்டிமீட்டர் தாண்டுனா வலை வைங்கன்னு சொல்லுது. அதுக்குக் கீழன்னா தையலும் யோசிக்கலாம். பெரியம்மாவோடது தேங்காய் சைஸுய்யா!

"வலைக்குக் காசு ஆகும் சார், ஏழைங்க கிட்ட எப்படிக் கேக்க?"னு ஒரு கரிசனம் வேற. அந்த வாதம் செத்து ரொம்ப நாளாச்சு, செத்தது நம்ம நாட்டுலயே. மகாராஷ்டிராவுல துலே மாவட்டத்துல தோண்டாயிச்சான்னு ஒரு ஊரு. அங்க இருந்த டோங்காவ்கர்ங்கற கிராமத்து சர்ஜன், கம்பெனி வலை விலை கட்டுப்படி ஆகாம, கொசுவலைத் துணியை எடுத்து, சுத்தம் பண்ணி, கிருமி நீக்கி ஹெர்னியாவுக்கு வச்சார். நாலஞ்சு இடத்து டாக்டருங்க சேந்து பண்ணுனதை 2003ல இந்திய அறுவைச் சிகிச்சைப் பத்திரிகையில எழுதுனார். சிரிச்சவங்க சிரிச்சாங்க. அப்புறம் அந்த யோசனை ஆப்பிரிக்காவுக்குப் போச்சு. உகாண்டாவுல கொசுவலைத் துணியையும் கம்பெனி வலையையும் நேருக்கு நேர் வச்சுப் பாத்தாங்க. 2016ல நியூ இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. 302 ஆம்பளைங்க, தொடை இடுக்கு ஹெர்னியா. ஒரு வருஷத்துல ரெண்டுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. ஒண்ணோட விலை நூறு டாலருக்கு மேல, இன்னொண்ணு ஒரு டாலர் சுமார். (யாரும் வீட்டுக் கொசுவலையை வெட்டி எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போயிராதீங்க மக்கா. அது மருந்து தடவாத துணி, முறையாக் கிருமி நீக்குனது.) தொப்புளுக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்ல வரலை. வலை ஒண்ணும் பணக்காரப் பொருள் இல்லைன்னு மட்டும் சொல்ல வரேன்.

இதுக்கு நேர் எதிரான கூத்தும் நடக்குது. ரெண்டு சென்டிமீட்டர் ஓட்டைக்கு "டெலஸ்கோப்லதான் பண்ணணும், அதான் லேட்டஸ்ட்"னு பெரிய பில்லு. லேப்ராஸ்கோப்பி மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. பெரிய ஓட்டைக்கும், குண்டா இருக்குறவங்களுக்கும், புண்ணு பழுக்கும்னு பயப்படுற உடம்புக்கும் அது நல்லது. ஆனா குடல் பக்கம் வைக்கிற வலைக்கு மேல்பூச்சு வேணும், விலை ஏறும். சின்ன ஓட்டைக்குத் தொப்புள் ஓரமா ஒரு சின்னக் கீறல்லயே வேலை முடிஞ்சுரும். ஒருத்தன் வலையே வைக்க மாட்டேங்குறான், இன்னொருத்தன் தங்கவலை விக்கிறான்.

பெரியம்மாவுக்கு ரெண்டாவது ஆபரேஷன் அரசாங்க ஆஸ்பத்திரியில. முதுகுல ஊசி போட்டு, வலை வச்சு. ஆபரேஷனுக்குக் காசு வாங்கலை. தனியார்லதான் பாக்கணும்னா முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்குறவங்க, அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே காப்பீட்டுக் கவுண்டர்ல இந்த ஆபரேஷனுக்கு அங்க அனுமதி உண்டான்னு கேட்டுக்குங்க. உள்ள படுத்த பிறகு கேட்டா பேரம் நம்ம கையில இருக்காது.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது ரொம்ப இல்லை. ஓட்டை எத்தனை சென்டிமீட்டர்? வலை வைப்பீங்களா, இல்லைன்னா ஏன்? எந்த இடத்துல வைப்பீங்க? இதைக் கேட்டாக் கோவப்படுற டாக்டர்னா வேற டாக்டரைப் பாருங்க. நம்ம பக்கமும் வேலை இருக்கு. சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டு வரணும், ஆம்பளையா இருந்தா பீடி சிகரெட்டை ஒரு மாசம் ஒன்றரை மாசத்துக்கு முன்னாடியே நிறுத்தணும், இருமலுக்கு முதல்ல வைத்தியம் பாக்கணும். இன்னும் பிள்ளை பெத்துக்கிற யோசனை இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். அவசரம் இல்லாட்டி பிரசவத்துக்கு அப்புறம் பண்ணலாம்னு சொல்லுவாங்க.

அப்புறம் வெயிட்டு. கொஞ்ச வாரத்துக்குக் குடம், புல்லுக்கட்டு, மூட்டை எதுவும் தூக்கக் கூடாதுன்னு பெரியம்மாகிட்ட சொல்லி அனுப்புனாங்க. டாக்டர் அதை யார்கிட்ட சொல்லியிருக்கணும்? தெருக்குழாய்ல தண்ணி வர்ற நேரத்துக்கு அவங்க படுத்திருக்க முடியாதுன்னு அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நான் பெரியப்பாவைக் கூப்பிட்டு நர்ஸம்மா முன்னாடி நிப்பாட்டி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். "எத்தன நாளைக்கு?"ன்னார். "ஆறு வாரம் தாத்தா"ன்னாங்க. மனுசன் விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, "அப்ப உளுந்து எடுக்க வரைக்கும் நாந்தான் தண்ணி எடுக்கணும்"னார்.

எடுத்தார்.